ஓடுகள் கற்றுக்கொடுத்த குடும்பம்

1956ஆம் ஆண்டு, கனடாவின் டொரொன்டோவிலுள்ள ஸ்காபரோவில் வீடு கட்டுவதற்காக டேபர் ஹில் குன்றை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட பூர்வகுடி மக்களைச் சேர்த்து அடக்கிய இடம் அது. கிராண்ட் ஆற்றங்கரையிலுள்ள சிக்ஸ் நேஷன்ஸ் மக்கள் வந்து, சடங்கு செய்து, எலும்புகளை மறுபடி அடக்கினார்கள். பிறகு 2000ஆம் ஆண்டில் அதே ஸ்காபரோவின் லமரோ பக்கம் 14ஆம் நூற்றாண்டுப் பூர்வகுடி ஊரொன்றின் தடயங்கள் கிடைத்தன. இன்று நம்மவர்கள் பலர் தைப்பொங்கல் பொங்குவதும் அந்த அயலில்தான்.

அந்த நாளில் இங்கே பானை செய்தவர்கள் பெண்கள். சக்கரம் கிடையாது. இடித்த கல்லைக் களிமண்ணோடு பிசைந்தால் பானை நெருப்பில் வெடிக்காது என்று அறிந்திருந்தார்கள். அடி உருண்டை, வாயைச் சுற்றிப் பட்டையான கழுத்து, அதில் சரிவாகக் கீறிய கோடுகள், விளிம்பு இடையிடையே கூம்பாக எழும்பி நிற்கும். சூளையும் இல்லை, திறந்த நெருப்பில்தான் சுட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர்கள் செம்பு, பித்தளைக் கேத்தல்களோடு வந்தார்கள். சில தலைமுறைக்குள் கைவேலை நின்றுபோனது. அலுமினியமும் சில்வரும் வந்து எங்கள் மண்சட்டிகளைக் குசினியை விட்டுத் துரத்தியதும் இப்படித்தானே!

1960களின் தொடக்கத்தில், சிக்ஸ் நேஷன்ஸைச் சேர்ந்த மோஹாக் பெண் எல்டா ஸ்மித் அந்தப் பானைக் கலையைத் திரும்பக் கையில் எடுத்தார். மண்ணைக் கையாளும் பழக்கத்தை டெஸ்ஸா கிடிக் என்ற குயக் கலைஞரிடம் அவரும் வேறு சில பெண்களும் கற்றார்கள். பழைய வடிவங்களைச் சொல்லித்தர மட்டும் எந்தக் கிழவியும் மிஞ்சியிருக்கவில்லை. வயலில் கிடந்த உடைந்த ஓடுகளைப் பார்த்தே எல்டா கோலங்களைப் பிடித்தார்.

மகன் ஸ்டீவும் மருமகள் லீயும் 'டாக்கிங் எர்த்' என்ற பெயரில் தொழிலைத் தொடர்ந்தார்கள். பேத்தி சான்டி ஸ்மித் மண்ணிலும் வேலை செய்வார், நடனமும் ஆடுவார். 'கஹாவி' நடன அரங்கை நிறுவிய அவர், 2019இல் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார்.

இதை 'வழிவழியாக வந்த கலை' என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நடுவில் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அறுந்து கிடந்தது. அறுந்ததை எடுத்துக் கட்டியதுதான் எல்டாவின் பெருமை.

லண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விருந்தினர் வந்தால் எல்லோரும் நயாகராவுக்குத்தான் கூட்டிப்போகிறோம். இந்தப் பூர்வகுடி மக்களின் வரலாற்றைச் சொல்லும் வுட்லண்ட் பண்பாட்டு மையம் பிரான்ட்ஃபர்டில் இருக்கிறது; ஸ்காபரோவிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலத் தூரம்தான். அடுத்த முறை அங்கேயும் ஒருநாள் போய்வாருங்கள்.