லேசர் கண் சிகிச்சையும் செயற்கைப் பார்வையும்: கருவிச் சார்பு குறித்த ஓர் ஒப்பீடு

முன்னுரை

லேசர் அறுவை சிகிச்சையும் செயற்கை விழித்திரையும் பார்வைக் குறைபாட்டிற்கான தொழில்நுட்பங்களாக ஒருங்கே பேசப்படினும் அவற்றின் நோக்கங்கள் வேறானவை. முன்னது, ஒளி விழித்திரையில் சரியாகக் குவியாத நிலையைச் சீர்செய்கிறது. பின்னது, ஒளியை உணரும் செல்கள் அழிந்த கண்ணில் அவற்றின் பணியை மின்தூண்டலால் ஓரளவு ஈடுசெய்கிறது. சிகிச்சை முடிந்தபின் நோயாளி கருவியை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்னும் நோக்கில் இக்கட்டுரை இவ்விரண்டையும் ஒப்பிடுகிறது.

எக்சைமர் லேசர்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோருடன் பணியாற்றினார். 1981ஆம் ஆண்டில், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் திசுவில் 193 நானோமீட்டர் அலைநீளமுடைய எக்சைமர் லேசரைச் செலுத்தி ஆராய்ந்தார். அப்புற ஊதாக்கதிர் திசுவை மிக மெல்லிய அடுக்காக நீக்கியது. அருகிலிருந்த பகுதி கருகவில்லை. கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல், சீனிவாசன் முதலியோர் 1983இல் கருவிழிப்படலத்தில் இதன் பயன்பாட்டை வெளியிட்டனர். 1995இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பார்வைத் திருத்தத்திற்கு இக்கருவியை ஏற்றது.

இச்சிகிச்சையில் கருவிழிப்படலத்தின் வளைவு மாற்றப்படுகிறது. கண்ணுக்குள் கருவி எதுவும் தங்குவதில்லை. கண் உலர்வு, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிதல் போன்ற விளைவுகள் சிலருக்கு ஏற்படலாம். எனினும் அவற்றைப் பிற கண் மருத்துவர்களும் கவனிக்க இயலும். லேசரைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டாலும் பெற்ற பார்வை மறைவதில்லை.

செயற்கை விழித்திரை

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் மரபுவழி நோயால் பார்வை இழந்தோருக்காகக் கலிபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் ஆர்கஸ் 2 கருவியை உருவாக்கியது. அமெரிக்காவில் 2013இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியிலுள்ள கேமரா காட்சியைப் பதிவுசெய்ய, உடலில் அணியும் செயலி அதைக் குறிகைகளாக மாற்றுகிறது. அக்குறிகைகள் கம்பியின்றி விழித்திரைமேல் பொருத்திய 60 மின்முனைகளை அடைகின்றன. அவை எஞ்சிய நரம்புச் செல்களைத் தூண்ட, பார்வை நரம்பு அத்தூண்டலை மூளைக்குக் கொண்டுசெல்கிறது. பயனர் காண்பது இயல்பான காட்சியன்று, ஒளிப்புள்ளிகளாலான வடிவமே. கதவு, சாலைக்கோடு, அசையும் உருவம் ஆகியவற்றை உணர அது உதவியது.

மூளையில் நேரடியாகப் பொருத்தும் ஓரியன் கருவியில் கவனம் செலுத்துவதாகக் கூறி, 2019இல் நிறுவனம் ஆர்கஸ் 2 தயாரிப்பை நிறுத்தியது. 2020இல் நிதி நெருக்கடியால் ஊழியர்களுள் பெரும்பாலோரை நீக்கியது. உலகெங்கும் ஏறத்தாழ 350 பேர் இக்கருவியைப் பெற்றிருந்தனர். செயலி பழுதுற்றால் மாற்றுப் பாகம் பெறுவது அரிதாயிற்று. செயலிழந்த கருவியை அகற்ற மீண்டும் அறுவை சிகிச்சை வேண்டும் என்பதால், சிலர் அதைக் கண்ணுக்குள்ளேயே சுமந்து வாழ்கின்றனர்.

முடிவுரை

லேசர் சிகிச்சையில் கருவி மருத்துவமனையிலேயே நின்றுவிடுகிறது. செயற்கை விழித்திரையில் அது உடலின் பகுதியாகிறது. ஆகவே, பின்னதன் தரத்தை மின்முனைகளின் எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுதல் போதாது. தயாரிப்பு நின்றபின் பழுது நீக்குவோர் யார், வடிவமைப்பு விவரங்கள் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பன, நோயாளியிடம் ஒப்புதல் பெறுமுன்னரே எழுத்தில் தெளிவாக்கப்படுதல் வேண்டும்.