உங்களுக்குத் தெரியுமா? ராயப்பேட்டையில் ஓர் உளவாளிப் பாட்டி!

அண்ணனூரில் லோக்கல் ஏறுங்கள். சென்ட்ரலில் இறங்கி ராயப்பேட்டைக்கு ஒரு பஸ் பிடியுங்கள். அங்கே பீட்டர்ஸ் காலனியில், 2018 ஜனவரி வரை, ஒரு சின்ன வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். சுவரில் நேதாஜி படங்கள். கொஞ்சம் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார். பாட்டி யார் தெரியுமா? இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) உளவாளி!

பெயர் சரஸ்வதி ராஜாமணி. பிறந்தது 1927-ல், ரங்கூனில். அப்பாவுக்குத் தங்கச் சுரங்கமே இருந்தது! பத்து வயதில் வீட்டுத் தோட்டத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு விருந்தாளி வந்து, "பெண் குழந்தைக்கு எதற்கம்மா துப்பாக்கி?" என்று கேட்டாராம். விருந்தாளி காந்தி! "வெள்ளைக்காரனைச் சுட" என்று பதில் வந்ததாம். காந்தியிடமே!

16 வயதில் போட்டிருந்த நகை அத்தனையையும் கழற்றி ஐ.என்.ஏ. நிதிக்குக் கொடுத்துவிட்டார். குழந்தை விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டதோ என்று, நகையைத் திருப்பிக் கொடுக்க நேதாஜியே வீட்டுக்கு வந்தார். பெண் வாங்க மறுத்துவிட்டது. வெறும் ராஜாமணியாக இருந்தவருக்கு அன்றைக்குத்தான் 'சரஸ்வதி' சேர்ந்தது. வைத்தவர் சாட்சாத் நேதாஜி!

அப்புறம்தான் அசல் வேலை. முடியை ஒட்ட வெட்டியாச்சு. அரை டிராயர் மாட்டியாச்சு. ராஜாமணி 'மணி' ஆகிவிட்டார்! பிரிட்டிஷ் முகாமில் எடுபிடிப் பையன். ஷூ பாலிஷ் போட வேண்டும், துணி எடுத்துப் போக வேண்டும், காது மட்டும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதிகாரிகள் பையன் முன்னாலேயே எல்லாம் பேசினார்கள். பையனுக்கு என்ன புரியப் போகிறது? புரிந்தது! இப்படிக் கிட்டத்தட்ட இரண்டு வருடம்!

கூட வேலை பார்த்த துர்கா மாட்டிக்கொண்டார். மாட்டினால் சுட்டுக்கொண்டு செத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. ராஜாமணி என்ன செய்தார்? நடனக்காரி வேஷம் போட்டு உள்ளே போய், காவலர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து, துர்காவை இழுத்துக்கொண்டு ஓடினார்! பின்னாலேயே குண்டு. வலது காலில் பாய்ந்தது. ரத்தம் ஒழுக ஒழுக மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். எவ்வளவு நேரம்? மூன்று நாள்! பேட்டிகளில் பாட்டியே சொன்னது இது. அந்தத் தாங்கல் நடைக்குக் காரணம் இந்தக் குண்டுதான்!

தங்கச் சுரங்கம் என்ன ஆச்சு என்கிறீர்களா? போச்சு. 2005-ல் தமிழக அரசு 5 லட்ச ரூபாயும் வாடகை இல்லாத வீடும் கொடுத்தது. அந்த வயதிலும் பாட்டி சும்மா இல்லை. டெய்லர் கடைகளில் வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளைப் பொறுக்கி, உடுப்பு தைத்து அனாதை இல்லங்களுக்குக் கொடுத்தார். சுனாமிக்குத் தன் பென்ஷனையே கொடுத்தார்! நான் அந்தத் தெருவைத் தாண்டி எத்தனை முறை டவுன் பஸ்ஸில் போயிருப்பேன். ஒரு முறைகூட இறங்கவில்லையே!

சரி, ராஜாமணி இருந்தது எந்தப் படை? ஜான்சி ராணி ரெஜிமென்ட். 1943-ல் சிங்கப்பூரில் தொடங்கியது. சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள். பல பேர் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

அந்தப் படைக்குத் தலைவி நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த டாக்டர் லட்சுமி. 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றது யார்? அதே கேப்டன் லட்சுமி! அப்போது அவர் வயது 87!

அண்ணனூர் பிளாட்பாரத்தில் நின்றால் காட்பாடி போகிற எக்ஸ்பிரஸ் எல்லாம் தடதடவென்று தாண்டிப் போகும். காட்பாடிக்குப் பக்கத்தில் வேலூர்க் கோட்டை. திப்பு சுல்தானின் குடும்பத்தை வெள்ளைக்காரர்கள் அடைத்து வைத்த இடம். அந்தத் திப்புவின் வம்சத்துப் பெண் ஒருத்தி அதே வெள்ளைக்காரர்களுக்காக உளவு பார்த்தாள் என்றால் நம்புவீர்களா?

நூர் இனாயத் கான்! மாஸ்கோவில் பிறந்தவர், பாரிஸில் வளர்ந்தவர், வீணை வாசிப்பவர். குழந்தைகளுக்குப் புத்தர் ஜாதகக் கதைகள் எழுதி 1939-ல் புத்தகமே போட்டவர். பொய் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண். உளவு வேலையோ முழுக்க முழுக்கப் பொய்! பயிற்சி அறிக்கையில் மேலதிகாரி ஒருவர் 'மூளை அவ்வளவு போதாது' என்கிற தோரணையில் எழுதியே வைத்தார்.

1943 ஜூன். ஜெர்மனி பிடித்திருந்த பிரான்சுக்குள் வயர்லெஸ் ஆபரேட்டராக இறக்கப்பட்ட முதல் பெண் நூர்! போன பத்தே நாளில் கூட்டாளிகள் வரிசையாக மாட்டினார்கள். திரும்பி வா என்றது லண்டன். மாட்டேன் என்றார் நூர். வயர்லெஸ் ஆபரேட்டர் தாக்குப்பிடிப்பது சராசரியாக ஆறு வாரம் என்பது அன்றைய கணக்கு. நூர் தாக்குப்பிடித்தது மூன்று மாதத்துக்கு மேல்!

காட்டிக்கொடுத்தார்கள். பிடிபட்டார். இரண்டு முறை தப்பிக்கப் பார்த்தார். ஜெர்மன் சிறையில் பத்து மாதம் விலங்கு. வாய் திறக்கவில்லை. 1944 செப்டம்பர் 13, டாகாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. மூளை போதாது என்று எழுதியவர்கள் 1949-ல் ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள்!

நூரைப் போல பிரான்சுக்குப் போன பெண்கள் 39 பேர். போர் முடிந்தது. திரும்பி வராத ஏஜென்டுகள், ஆணும் பெண்ணுமாக 118! ஒரு பெண் அதிகாரி, வேரா அட்கின்ஸ், தனியாக ஜெர்மனிக்குக் கிளம்பினார். ஒவ்வொரு முகாமாக, ஒவ்வொரு சிறையாகக் கேட்டுக் கேட்டு எத்தனை பேருடைய கதியைக் கண்டுபிடித்தார் தெரியுமா? 117!

மாதா ஹரி பெயரைக் கேட்காதவர் இல்லை. உளவாளி என்று 1917 அக்டோபரில் பிரான்ஸ் சுட்டுக்கொன்ற நடனக்காரி. அதெல்லாம் பழைய செய்தி. புதுசு கேளுங்கள். தன்னைப் பற்றி அந்த அம்மா விட்ட கதை என்ன தெரியுமா? 'நான் தென்னிந்தியாவில் யாழ்ப்பாணப்பட்டினத்தில் பிறந்தவள், என் அம்மா கந்தசாமி கோயிலில் நடனமாடியவள்!' அசல் ஊர் நெதர்லாந்து. அப்பா தொப்பிக் கடைக்காரர். யாழ்ப்பாணத்தை மலபார் கரையில் வேறு கொண்டுபோய் வைத்தார்! பாரிஸ்காரர்கள் அதையும் நம்பிக் கைதட்டினார்கள். நல்லூரில் யாராவது கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்!

இலங்கை என்றதும் ஞாபகம் வருகிறது. 1944-ல் கண்டியில் அமெரிக்க உளவுத் துறை ஓர் அலுவலகம் வைத்திருந்தது. ரகசியக் கோப்புகள் எல்லாம் ஜூலியா என்ற பெண்ணின் பொறுப்பில். உயரம் 6 அடி 2 அங்குலம்! 'ரொம்ப உயரம்' என்று ராணுவப் பெண்கள் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டதாம். கண்டிக்கு வருமுன் அவர் இருந்த குழு தயாரித்தது என்ன? கடலில் சுறா அண்டாமல் இருக்க ஒரு மருந்து! பிற்பாடு அமெரிக்காவுக்கே பிரெஞ்சு சமையல் சொல்லிக்கொடுத்த டி.வி. நட்சத்திரம் ஜூலியா சைல்ட் இவர்தான்! கையாண்ட முதல் ரெசிபி சுறா விரட்டி!

மரக்கால் போட்ட பெண் உளவு பார்க்க முடியுமா? வர்ஜீனியா ஹால் பார்த்தார்! வேட்டைக்குப் போன இடத்தில் தன் துப்பாக்கியே வெடித்து இடது கால் போயிற்று. மரக்காலுக்கு 'கத்பெர்ட்' என்று பெயரும் வைத்தார். 1942 நவம்பரில் அந்தக் காலோடு பனி மூடிய பிரனீஸ் மலையைத் தாண்டினார். வழியில் லண்டனுக்குச் செய்தி கொடுத்தார்: கத்பெர்ட் தொந்தரவு பண்ணமாட்டான் என்று நம்புகிறேன். லண்டனில் இருந்தவருக்கு விவரம் தெரியாது. பண்ணினால் தீர்த்துவிடு என்று பதில் வந்தது!

அதோடு விட்டாரா? 1944-ல் கிழவி வேஷத்தில் மறுபடி பிரான்ஸ். வேஷம் பொருந்த வேண்டும் என்று பல்லை ராவிக்கொண்டார்! நொண்டுவதைக் கிழவியின் தள்ளாட்டம் ஆக்கிவிட்டார்! எதிரி ஊரெல்லாம் 'நொண்டிப் பெண்மணி'யைத் தேடியது. கிடைத்தால்தானே?

நம்ம சிவகங்கைச் சீமைக்கு வாருங்கள். ராணி வேலு நாச்சியார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று எதிரிகள் கேட்டார்கள். உடையாள் என்ற பெண்ணுக்குத் தெரியும். சொல்லவில்லை. வெட்டிவிட்டார்கள். கொல்லங்குடியில் அவள் தெய்வமாகவே ஆகிவிட்டாள். வெட்டுடையார் காளி! ராணி தன் தாலியையே முதல் காணிக்கையாகக் கொடுத்ததாக ஊர் சொல்கிறது.

அதே ராணியின் படையில் குயிலி. வேலு நாச்சியாரின் சிலம்ப வாத்தியாரே எதிரிக்கு உளவு சொல்கிறார் என்று கண்டுபிடித்தது அவள்தான் என்பார்கள் அந்தப் பக்கம். 1780. உடம்பெல்லாம் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் ஆயுதக் கிடங்கில் குதித்தாள் என்பது சீமைக் கதை. ஒரே ஆள். மொத்தக் கிடங்கும் சாம்பல்!

அண்ணனூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஆவடி. டாங்க் செய்கிற ஊர். இந்தியாவின் முதல் 'விஜயந்தா' 1965-ல் உருண்டு வந்தது இங்கேதான். பாதுகாப்பு வளாகச் சுவரைப் பார்த்தாலே நமக்கெல்லாம் செல்போனை உள்ளே வைக்கத் தோன்றும். உளவு என்றால் கோட்டு போட்ட ஆள், கறுப்புக் கண்ணாடி என்று நினைப்போம் இல்லையா? 1928 டிசம்பரில் லாகூர் ஸ்டேஷனில் போலீஸும் இப்படி ஒரு தோற்றத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் ஓர் ஆளைத் தேடியது.

தாடி வைத்த சீக்கியரைத் தேடினார்கள். வந்தது கோட்டு, தொப்பி போட்ட துரை. பக்கத்தில் மனைவி, கையில் மூன்று வயதுப் பிள்ளை, பின்னால் பெட்டி தூக்கும் வேலைக்காரன். போலீஸ் வழிவிட்டது. துரை பகத்சிங்! வேலைக்காரன் ராஜகுரு! மனைவி, மனைவியே இல்லை. இன்னொரு புரட்சிக்காரரின் மனைவி துர்கா தேவி. பிள்ளை மட்டும் அவருடைய சொந்தப் பிள்ளை! இதே துர்கா பிற்பாடு மாண்டிசோரி பயிற்சிக்கு எங்கே வந்தார்? நம்ம அடையாறுக்கு!

22 வயசில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உஷா மேத்தா விடுதலைப் போராட்டத்துக்கு ரகசிய ரேடியோ நடத்திக்கொண்டிருந்தார்! 1942, பம்பாய், 42.34 மீட்டர். போலீஸ் மோப்பம் பிடிக்க முடியாதபடி இடம் மாறிக்கொண்டே இருந்தது. நவம்பரில் பிடித்தார்கள். ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை!

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் டப்மன் எழுதப் படிக்கத் தெரியாதவர். 1863-ல் அவர் சேகரித்த உளவை வைத்து ஒரே ராத்திரியில் விடுதலையான அடிமைகள் 700-க்கு மேல்!

ஹிட்லர் படையின் 'எனிக்மா' ரகசியக் குறியீட்டை உடைத்த பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கில் நாலில் மூன்று பேர் பெண்கள். முப்பது வருடம், கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடவில்லை!

பிரிட்டனின் உளவு அமைப்பான எம்.ஐ.5-க்குத் தலைவியான முதல் பெண் ஸ்டெல்லா ரிமிங்டன். 1992. அவர் வேலைக்குச் சேர்ந்த கதை லண்டனில் தொடங்கவில்லை. தூதரக அதிகாரியின் மனைவியாகப் பொழுது போகாமல் இருந்தவரை டைப் அடிக்கக் கூப்பிட்டார்கள். எங்கே? 1967-ல், நம்ம டெல்லியில்!

கடைசியாக ஒன்று. இதைத் தேடிப் பிடித்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு!

ஃபிலிஸ் லதூர், பிரிட்டிஷ் உளவாளி. வயது 23. வேஷம் 14 வயதுப் பள்ளிக்கூடப் பெண். 1944 மே 1, நார்மண்டியில் பாராசூட்டில் குதித்தார். சைக்கிளில் சுற்றி ஜெர்மன் சிப்பாய்களிடமே சோப்பு விற்றார்! ரகசியக் குறியீடுகள் எங்கே? ஒரு பட்டுத்துணித் துண்டில். துண்டு எங்கே? பின்னல் ஊசியில் சுற்றி, தலைமுடி கட்டும் நாடாவுக்குள்! அதில் கிட்டத்தட்ட 2,000 குறியீடு. ஒன்றைப் பயன்படுத்தியதும் குண்டூசியால் ஓர் ஓட்டை, அவ்வளவுதான்.

ஒருநாள் சோதனை. சிப்பாய் தலை நாடாவைக் காட்டினான். நெஞ்சு நின்றிருக்கும் நமக்கு! ஃபிலிஸ் நாடாவைச் சர்ரென்று உருவினார். முடி பொலபொலவென்று விழுந்தது. 'பார், ஒன்றுமில்லை.' சிப்பாய் போகச் சொல்லிவிட்டான்! நாடா அவர் கையிலேயே இருந்தது!

ஃபிலிஸ் அனுப்பிய செய்திகள் 135. நியூசிலாந்தில் குடியேறி, பிள்ளைகளை வளர்த்து, 2023-ல் 102 வயதில்தான் போனார். அம்மா உளவாளி என்று பிள்ளைகளுக்கு எப்போது தெரிந்தது? 2000-ல்! மூத்த பையன் இன்டர்நெட்டில் படித்து!

ஆவடி லோக்கலில் எதிர் சீட்டில் ஒயர் கூடை பின்னிக்கொண்டு வருகிற பாட்டியை நான் இப்போதெல்லாம் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்க்கிறேன். அண்ணனூரில் நான் இறங்குகிறேன். அவர் இறங்குவதில்லை!