இலை கருகுவது நோயா, ஆலைப் புகையா? நீங்களே கண்டறியலாம்

சிமெண்ட் ஆலை, அனல் மின் நிலையம், செங்கல் சூளை, ரசாயனத் தொழிற்சாலை ஆகியவற்றின் அருகே நிலம் வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விடை தெரியாமல் ஒன்று மாற்றி ஒன்று மருந்து தெளித்தால் காசுதான் கரையும். புகையால் வரும் பாதிப்புக்கு மருந்து கிடையாது. புகையைக் கட்டுப்படுத்த வைக்க ஆதாரம் வேண்டும். அதைச் சேர்க்கும் வேலையை உங்கள் வயலிலேயே தொடங்கலாம்.

அறிகுறிகள்

* கந்தக டை ஆக்சைடு (நிலக்கரிப் புகை): இலை நரம்பு பச்சையாகவே இருக்கும். நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி வெளுத்துப் பழுப்பாகும்.
* ஃபுளோரைடு (செங்கல் சூளை, பாஸ்பேட் உர ஆலை): இலை நுனியும் ஓரமும் கருகும்.
* செங்கல் சூளைப் புகை: மாந்தோப்பில் பட்டால் காயின் நுனி கறுத்துப்போகும்.
* சிமெண்ட் தூசி: பனி ஈரத்தில் இறுகி இலைமேல் பொருக்காகப் படியும். இலைத்துளைகள் அடைபடும். பூவில் படிந்தால் காய்ப்பிடிப்பு குறையும்.

சத்துக் குறைபாட்டிலும் வறட்சியிலும்கூட இலை ஓரம் கருகும். ஆகவே ஒரு செடியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூச்சி, நோய் பெரும்பாலும் குறிப்பிட்ட பயிரைத்தான் தாக்கும். புகை பட்டால் பயிர், வரப்புக் களை, வேலி மரம் எனப் பலவற்றிலும் ஒரே சமயத்தில் பாதிப்பு தெரியும். ஆலைப் பக்கம் அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும்.

நோட்டுப் புத்தகம் போடுங்கள்

வயலில் ஒரு கம்பு நட்டு, நுனியில் துணிக் கீற்று கட்டுங்கள். தினமும் தேதி, நேரம், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, புகையின் நிறம், வாடை, இலையின் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். செல்போனில் தேதியும் இடமும் பதியும்படி படம் எடுங்கள்.

தூசியை ஒப்பிட, ஒரே அளவுள்ள 3 வெள்ளை டைல்ஸ் துண்டுகளில் வாசலைன் தடவுங்கள். வயலின் ஆலைப் பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று, ஆலைக் காற்று வராத தொலைவான இடத்தில் ஒன்று என்று இடுப்பு உயரத்தில் வையுங்கள். மழையும் உழவும் இல்லாத நாளில், மண் சாலையை விட்டு விலகி, 24 மணி நேரம் வைத்தால் போதும். மூன்றையும் அருகருகே வைத்துப் படம் எடுங்கள்.

நேரமும் திசையும் ஏன் முக்கியம்?

தென்மேற்குப் பருவக்காற்றில் புகை கிழக்குப் பக்கம் போகும். வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும். மார்கழி, தை அதிகாலையில் குளிர்ந்த காற்று தரையோடு தங்குவதால் புகை மேலே எழாமல் தாழ்ந்து நிற்கும்.

2009-ஆம் ஆண்டின் தேசியத் தர அளவுப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக கந்தக டை ஆக்சைடு 80 மைக்ரோகிராம், பி.எம். 10 நுண்துகள் 100 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். ஆனால் அதிகாலை 2 மணி நேரம் அடர்ந்து வரும் புகை, சராசரியில் மறைந்துவிடக்கூடும். இலை அதற்குள் கருகிவிடும். காற்று வராத பக்கம் கருவி வைத்தாலும் உண்மை தெரியாது. சமீர் செயலி காட்டும் அளவு கண்காணிப்பு நிலையம் உள்ள ஊருக்குத்தான். உங்கள் வயலுக்கு அல்ல.

கடலூர் சிப்காட் சுற்றுக் கிராம மக்கள் 2004-இல் வாளிக்குள் பை பொருத்தி, வாடை வந்த நேரத்திலேயே காற்று மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சரியான நேரத்தில் எடுத்ததுதான் அதன் பலம்.

எங்கே கொடுப்பது?

3 மாதக் குறிப்பு சேர்ந்ததும், வேளாண்மை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானியையோ வயலுக்கு அழைத்து, நோயா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளரிடம் மனு கொடுங்கள். நகலை விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் அளித்து, ரசீது வாங்குங்கள். "நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதாமல், எந்த மாதம், எந்த நேரம், எந்தப் பக்கம் கருவி வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். அளவீட்டு முடிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பயிர் இழப்பீட்டுக்குப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடுவதென்றால், பாதிப்பு தொடங்கிய 5 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

டைல்ஸ் சோதனை, கருவி அளவீட்டுக்கு ஈடாகாது. ஆனால் கருவியைச் சரியான நாளில், சரியான வரப்பில் வைக்கச் சொல்லும் ஆதாரம் அதுவே. ஒரு விவசாயியின் நோட்டைவிட, சுற்றியுள்ள 10 விவசாயிகளின் நோட்டுகள் ஒரே தேதியில் ஒரே செய்தியைச் சொன்னால் மறுப்பது கடினம். பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.