முப்பது ஏலக்காய் மூச்சு

குரங்கணியில் மழை பிடித்தால் முதலில் போவது கரண்ட். அப்படி ஒரு சாயங்காலம் அக்கா மகள் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்தாள். கட்டம் கிழிக்க சாக்பீஸ் இல்லை. சரி, கதையாகவே ஆடுவோம் என்றேன். விண்கலம் ஒன்று பழுதாகி நடுவழியில் நிற்கிறது, உள்ளே நாலு பேர், நீதான் டாக்டர்.

"மாமா, அரிசி எம்புட்டு இருக்கு?"

பாதை அடைபட்டால் மலையில் எல்லாரும் கேட்பது இதைத்தான். என் ஆட்டம் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது.

இவ்வகை ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா என்பதை உருட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் மூத்தது. 1976இல் ஜேம்ஸ் வார்டு 'மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபா'வில் கதையை விண்கலத்துக்குள் கொண்டுபோனார். கதிர்வீச்சில் சிக்கிய கலம். அதில் கிளம்பியவர்களின் வழிவந்த, தாங்கள் இருப்பது கலம் என்றே அறியாத பேரன் பேத்திகள்.

எனக்கு முன்மாதிரி அப்பல்லோ 13. 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. இரண்டு பேர் இரண்டு நாள் தங்கக் கட்டிய நிலவுக்கலத்தில் மூன்று பேர் நாலு நாள் ஒண்டினார்கள். அவர்கள் விட்ட மூச்சே அவர்களுக்கு எமனாகப் பார்த்தது. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சதுரப் பெட்டியை வட்டத் துளைக்குப் பொருத்த, பிளாஸ்டிக் பை, அட்டை, ஒட்டுநாடா. வில்லன் இல்லாமலே இவ்வளவு கதை!

முப்பது ஏலக்காயைத் தரையில் பரப்பினேன். ஒன்றுக்கு ஒரு மணி நேர மூச்சு. தாயம், அதாவது 1, விழுந்தால்தான் பழுது சரியாகும் என்பது முதல் விதி. இரண்டு கட்டையும் பதினாறு விதமாக விழும்; அதில் தாயம் இரண்டே. சீக்கிரமே எல்லாரும் செத்தோம். அப்புறம் மாற்றினேன். மறுபடி உருட்டத் தரும் 1, 5, 6, 12 விழுந்தால் வேலை சுத்தமாக முடியும். 2, 3, 4 விழுந்தாலும் முடியும், ஆனால் ஒரு ஏலக்காய் போகும். பதினாறில் பத்து தடவை இப்படித்தான். தோற்றதாகக் கதை நிற்காது, கையிருப்பு கரையும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மழை ஆயிற்று.

ஆபத்துப் பட்டியலில் 'கலத்தில் தீ' என்றும் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். 2018 மார்ச் 11 காட்டுத்தீக்குப் பிறகு இந்த ஊரில் உட்கார்ந்து அதற்குக் கட்டை உருட்ட எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் டாக்டர் யோசித்துக்கொண்டே ஒரு ஏலக்காயை வாயில் போட்டுவிட்டாள். மெக்கானிக்காக இருந்த அவள் தம்பி கத்தினான்: "அக்கா ஆக்சிஜனைத் தின்னுட்டா!"

அதையும் விதியில் சேர்த்தாயிற்று. மென்றது கணக்கில் கழியும்.