மெழுகுச் சட்டம் (வீணை)

மெழுகுச் சட்டம் என்பது வீணையின் மெட்டுகளைத் தாங்குவதற்காகத் தண்டியின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் அமைக்கப்படும் மெழுகு மேடை ஆகும். தேன்மெழுகுடன் கரித்தூள் சேர்த்துச் செய்யப்படுவதால் இது கரிய நிறமுடையது. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் இதன்மீது பதிக்கப்படுகின்றன.

மேளம் கட்டுதல்

மெட்டுகளைச் சுரத்தானங்களில் பொருத்தும் பணி மேளம் கட்டுதல் எனப்படும். இளகிய மெழுகில் மெட்டை அழுத்தி, தந்தியை மீட்டிச் செவியால் சோதிப்பர். மெட்டைக் குடத்தை நோக்கி நகர்த்தினால் சுருதி கூடும். எதிர்ப்புறம் நகர்த்தினால் குறையும். கடைசி மெட்டுகளின் இடைவெளி முதல் மெட்டுகளின் இடைவெளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. எனவே மேல்தாயியில் மயிரிழைப் பிழையும் காதில் உறுத்தும். நல்ல செவியில்லாதவர் இப்பணியைச் செய்ய இயலாது.

கித்தாருடன் ஒப்பீடு

கித்தாரில் மெட்டுகள் விரற்பலகையில் அறுக்கப்பட்ட, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள காடிகளில் இறுக்கப்படுகின்றன. பலகையின் ஓரத்தில் விளிம்புப் பட்டை ஒட்டும்போது பசை இக்காடிகளுக்குள் கசிந்து இறுகினால், மெட்டின் அடிப்பகுதி முழுதாக இறங்காது. மெட்டு மேடாக நின்று தந்தி அதிரும். ஆகவே பசையை மெல்லியதாகத் தடவி, கசிந்ததைக் காயுமுன் நீக்குவர். காய்ந்துவிட்டால் மெல்லிய வாளால் காடியை மீண்டும் துப்புரவு செய்ய வேண்டும். வீணையில் காடியே இல்லை. மெழுகே இருக்கையும் பசையும் ஆகும். பிழையைத் திருத்த மெழுகை இளக்கினால் போதும்.

பராமரிப்பு

இவ்வசதிக்கு விலையும் உண்டு. வெயிலில் வைத்த வீணையின் மெழுகு இளகி மெட்டுகள் இடம்பெயரும். நாட்பட்ட மெழுகு வறண்டு வெடிக்கும். அப்போது மேளம் புதிதாகக் கட்டப்பட வேண்டும்.