என்ஜின் விளக்கு எரிகிறதா? சென்சாரை மாற்றுமுன் காற்றுக் கசிவைப் பாருங்கள்

திருப்பூர் வட்டாரத்துச் சிறு விவசாயிகள் பலருக்கு நாலு சக்கரச் சிறு சரக்கு வண்டியும் ஒரு பண்ணைச் சாதனமாகவே ஆகிவிட்டது. விடியற்காலையில் தக்காளியும் கத்தரியும் உழவர் சந்தைக்குப் போகின்றன. பகலில் அதே வண்டி நூல் மூட்டையையோ, சாயப்பட்டறைக்குப் போகும் துணி உருளையையோ ஏற்றி வாடகை சம்பாதிக்கிறது. ஒரு நாள் இந்த வண்டியின் டாஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தால், வாடகையும் போகிறது, பறித்த காயும் வாடுகிறது. அவசரத்தில் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு சென்சாரை மாற்றுகிறார்கள். நாலு நாளில் விளக்கு மீண்டும் எரிகிறது. பழுது சென்சாரில் இல்லை என்பதே காரணம்.

விளக்கு எரியக் காரணங்கள் பல உண்டு. பெட்ரோல் வண்டிகளில் அடிக்கடி வருவது, கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து போவது. இதை மெக்கானிக்குகள் 'லீன் மிக்சர்' என்பார்கள். டீசல் என்ஜின் இயல்பாகவே அதிகக் காற்றில் ஓடுவது. ஆகவே இங்கே சொல்லப்படுவது பெட்ரோல் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

கலவை எப்படி அளக்கப்படுகிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பழைய வண்டிகளில் இந்த அளவைக் கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது. இன்றைய வண்டிகளில் ஈ.சி.யூ. எனப்படும் கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிறது. புகைக்குழாயில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார், எரிந்த புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளந்து பெட்டிக்குத் தெரிவிக்கும். ஆக்சிஜன் மிஞ்சினால் பெட்ரோல் போதவில்லை என்று பெட்டி கருதி, இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும்.

இந்தத் திருத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. பல வண்டிகளில் இது 20 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். அதற்கு மேலும் பெட்ரோல் கூட்டவேண்டிய நிலை நீடித்தால், பெட்டி பி 0171 என்ற குறியீட்டைப் பதிவு செய்து விளக்கை எரியவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் இந்தக் கண்காணிப்பு மேலும் கடுமையாகியுள்ளது.

ஆக, ஆக்சிஜன் சென்சார் செய்தி சொல்லும் ஆள் மட்டுமே. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று வந்து சொன்ன ஆளை மாற்றினால் தண்ணீர் வந்துவிடாது.

பழுது இருக்கக்கூடிய இடங்கள்

1. காற்றுக் கசிவு: கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் சிறு ஓட்டை விழுந்தால் காற்று இழுத்து, தண்ணீர் எடுப்பது குறைவதை விவசாயிகள் அறிவார்கள். என்ஜினிலும் அப்படியே. காற்று அளக்கப்படும் இடத்தைத் தாண்டியபின் ரப்பர் குழாயில் வெடிப்போ, கேஸ்கெட்டில் கசிவோ இருந்தால், கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். தேங்காய், நிலக்கடலை, தீவன மூட்டை வைத்திருக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர், எலி கடித்த குழாய் உள்ளதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

2. அழுக்கேறிய காற்று அளவி: சில வண்டிகளில் உள்ளே போகும் காற்றை ஒரு சூடான மெல்லிய கம்பி அளக்கிறது. அதில் தூசி படிந்தால் காற்றைக் குறைத்துக் காட்டும், பெட்ரோலும் குறைந்துவிடும். காற்று வடிகட்டி கிழிந்திருந்தாலோ, சரியாகப் பொருந்தாவிட்டாலோ பஞ்சுத் தூசியும் மண் தூசியும் இதில் சேரும். இதற்கென விற்கும் திரவத்தால் மட்டுமே சுத்தம் செய்யவேண்டும். துணியால் துடைத்தால் கம்பி அறுந்துவிடும்.

3. பெட்ரோல் போதாமை: அடைபட்ட பில்டர், தளர்ந்த பம்ப், அடைபட்ட இன்ஜெக்டர் ஆகியவை காரணமாகலாம். டாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடேறி ஆயுள் குறையும்.

4. புகைக்குழாய்க் கசிவு: சென்சாருக்கு முன்னால் விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். கலவை சரியாக இருந்தும், ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று சென்சார் சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்டால் இந்த இடத்தைப் பார்ப்பது நல்லது.

கண்டுபிடிக்கும் முறை

ஸ்டீயரிங் அடியில் உள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனரை மாட்டினால், குறியீட்டோடு பெட்ரோல் திருத்த அளவும் சதவீதமாகத் தெரியும். பட்டறையில் 'பியூயல் டிரிம்' என்று கேட்டால் காட்டுவார்கள். இந்த அளவை என்ஜின் சூடேறியபின் இரு நிலைகளில் பார்க்கவேண்டும். ஒன்று ஐட்லிங்கில். மற்றொன்று நிமிடத்துக்கு 2,500 சுற்று வேகத்தில்.

ஐட்லிங்கில் திருத்தம் அதிகமாக இருந்து, வேகம் கூட்டியதும் குறைந்தால், காற்றுக் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். ஐட்லிங்கில் உள்ளே போகும் காற்றே சிறிது. ஆகவே சிறு ஓட்டையும் பெரிதாகத் தெரியும். மாறாக, ஐட்லிங்கில் சரியாக இருந்து, வேகத்திலும் பாரம் ஏற்றி மேடு ஏறும்போதும் திருத்தம் கூடினால், பெட்ரோல் அழுத்தத்தையும் காற்று அளவியையும் சோதிக்கவேண்டும்.

காற்று அளவி இல்லாமல், உறிஞ்சு குழாயின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் சிறு வண்டிகளும் உண்டு. இவற்றில் காற்றுக் கசிவு பெரும்பாலும் ஐட்லிங் வேகம் ஏறுவதாகவே வெளிப்படும். அத்தகைய வண்டியில் ஐட்லிங் சீராக இருந்தும் பி 0171 வந்தால், பெட்ரோல் வரத்தையும் புகைக்குழாயையும் முதலில் கவனிப்பது நலம்.

கசிவைத் தேட, ஓடும் என்ஜினின் ரப்பர் குழாய்களில் சீறும் ஓசை வருகிறதா என்று கேட்கலாம். பட்டறையில் புகை செலுத்திப் பார்ப்பது நிச்சயமான வழி. சூடான என்ஜின் மேல் பெட்ரோலையோ, தீப்பற்றும் திரவத்தையோ தெளித்துச் சோதிப்பது ஆபத்து.

சென்சார் மீது சந்தேகம் இருந்தால் அதற்கும் சோதனை உண்டு. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது, சாதாரண வகை சென்சாரின் அளவு 0.8 வோல்ட்டுக்கு மேல் எழுந்து, காலை எடுத்ததும் விழுந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம்.

எத்தனாலுக்குப் பங்கு உண்டா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் பரவியது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கப்படும் எத்தனாலில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆக்சிஜன் உள்ளது. எனவே கலப்பற்ற பெட்ரோலை விட இந்தக் கலப்பை ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகச் செலுத்தவேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டியின் பெட்டி இதைத் தானே சரிக்கட்டிவிடும். ஆனால் பழைய வண்டியில் சிறு கசிவு ஏற்கெனவே இருந்தால், இரண்டும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். அப்போதும் திருத்தவேண்டியது கசிவைத்தான்.

விளக்கை அலட்சியம் செய்யலாமா?

விளக்கு நிலையாக எரிந்து, வண்டி சீராக ஓடினால், அன்றைய பாரத்தைச் சந்தையில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போகலாம். மாதக்கணக்கில் விடக்கூடாது. கலவை மெலிந்தால் இழுவை குறையும், என்ஜின் விட்டு விட்டு வெடிக்கும். விளக்கு விட்டு விட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று பொருள். அது விலை உயர்ந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். வண்டியை ஓரமாக நிறுத்துவதே சிக்கனம்.

பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பதால் பயன் இல்லை. பதிவான விவரம் அழிந்து, மெக்கானிக்குக்குத் தடயம் கிடைக்காமல் போகும். பட்டறையில் முதலில் குறியீட்டையும் இரு நிலைத் திருத்த அளவையும் ஒரு சீட்டில் குறித்து வாங்கவேண்டும். வேலை முடிந்தபின் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும். திருத்தம் 10 சதவீதத்துக்குள் இறங்கியிருந்தால் பழுது தீர்ந்தது எனலாம். இறங்கவில்லை என்றால், புதிய உதிரிப்பாகம் போட்டிருந்தாலும் பழுது அப்படியே இருக்கிறது. பணம் கொடுக்குமுன் இதைக் கேட்டுப் பார்ப்பது விவசாயியின் உரிமை.