‘தமிழ் சரியில்லை’ என்றால் போதுமா? மென்பொருள் குறைகளை வகை பிரிக்கும் வழி

கட்டற்ற மென்பொருள் ஒன்றில் தமிழ் ஒழுங்காக வரவில்லை என்றால் அதைச் சொல்ல இடம் உண்டு. ‘இஷ்யூ டிராக்கர்’ எனப்படும் பொதுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிக் குறையை எழுதலாம், காசு கேட்பதில்லை. ஆனால் அந்தக் குறை எந்தத் தலைப்பின்கீழ்ப் பதிவாகிறது என்பதை வைத்துத்தான் அது யார் கண்ணில் படும் என்பது முடிவாகிறது. பல மொழிகளில் இயங்கும் மென்பொருளில் ‘தமிழ்’ என்று ஒரு தலைப்பு போட்டு, தமிழ் தொடர்பான எல்லாவற்றையும் அதில் சேர்ப்பது எளிது. குறை தீராமல் கிடப்பதற்கும் பல நேரம் அதுவே காரணம்.

சிதம்பரத்தில் எத்தனை எழுத்து?

‘சிதம்பரம்’ என்ற சொல்லில் ஆறு எழுத்து என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். கணினிக்கு அது ஒன்பது. ‘சி’ என்பதை ‘ச’, இகரக் குறி என இரண்டாகவும், ‘ம்’ என்பதை ‘ம’, புள்ளி என இரண்டாகவும், எழுத்துகளுக்குக் குறியீட்டு எண் தரும் யூனிகோடு வைத்திருக்கிறது. ‘கடலூர்’ நமக்கு நான்கு, கணினிக்கு ஆறு. எழுத்தை எண்ணும் நிரல் இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால், ஆறு எழுத்துக்கு இடம் தரும் கட்டத்தில் ‘சிதம்பரம்’ முழுதாக ஏறாது. இது நிரலாளர் திருத்த வேண்டிய வழு.

ஊர்ப் பட்டியலை அகரவரிசைப்படுத்தினால் வேறொரு கோளாறு தெரியும். தமிழ் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பிறகே ளகரம். அதனால் புவனகிரி முதலிலும் தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி அடுத்தும் வர வேண்டும். யூனிகோடு அட்டவணையிலோ ளகரம் முன்னால் இருக்கிறது. குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் புளியங்குடியை முன்னால் தள்ளிவிடும். சரியான தமிழ் வரிசை யூனிகோடு அமைப்பு மொழிவாரி விவரங்களைத் தொகுத்துத் தரும் சி.எல்.டி.ஆர். தரவில் இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

எழுத்தின் வடிவம் சிதைந்து தெரிந்தால் எழுத்துருவில் குறை இருக்கலாம். அல்லது பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஓபிஸ் எல்லாம் நம்பியிருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளைக் கோத்து வடிவம் தரும் நிரலில் இருக்கலாம். தமிழ்99 விசைப்பலகையில் ஒரு விசை தவறான எழுத்தைத் தந்தால் அது உள்ளீட்டுக் கருவியின் பொறுப்பு. மெனுவில் ஒரு சொல் தவறாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு. பயனர் இவை எல்லாவற்றையும் ‘தமிழ் சரியில்லை’ என்ற ஒரே வரியில் எழுதிவிடுகிறார். திருத்த வேண்டியவர்களோ வெவ்வேறு ஆட்கள்; பலர் வேறு திட்டங்களில் இருப்பவர்கள்.

பெரிய திட்டங்கள் என்ன செய்தன?

பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவுக்காக 1998இல் உருவான பக்ஸில்லா என்ற குறைப் பதிவேடு, ஒவ்வொரு குறையையும் ஒரு ‘புராடக்ட்’ (பெரும்பிரிவு), அதற்குள் ஒரு ‘காம்போனென்ட்’ (உட்பிரிவு) என்று பதிய வைத்தது. மொழியாக்கத்துக்கென மொசில்லா தனிப் புராடக்ட் வைத்து, அதற்குள் தமிழ் உட்பட மொழிக்கு ஒரு காம்போனென்ட் தந்தது. எழுத்துகள் திரையில் தோன்றும் விதம் பற்றிய குறைகளுக்கு வேறு காம்போனென்டுகள் உண்டு. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒரு குறை ஒரே ஒரு காம்போனென்டில்தான் இருக்க முடியும். எழுத்து சிதைவதைப் பற்றிய பதிவு தமிழ் மொழியாக்கத்தின்கீழ்ப் போய்விட்டால், நிரலைத் தொட முடியாத மொழிபெயர்ப்பாளரிடம் அது காத்துக் கிடக்கும்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா 2014 நவம்பரில் பக்ஸில்லாவை விட்டு பேப்ரிகேட்டருக்கு மாறியது. அங்கே ஒரே பதிவுக்குப் பல அடையாளங்களை ஒட்டலாம். ஒரு தமிழ்த் தட்டச்சுக் குறை, தொகுப்புக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் குழுவின் பட்டியலிலும் பன்மொழியாக்கக் குழுவின் பட்டியலிலும் ஒருசேரத் தெரியும். இடைமுகச் சொற்களின் மொழிபெயர்ப்புத் திருத்தம் இங்கே வர வேண்டியதே இல்லை. டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் நேரடியாகத் திருத்திவிடலாம்.

நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் புதிதாகத் திட்டம் தொடங்குவோருக்கு, பதிவில் ஒட்டும் அடையாளங்களான ‘லேபிள்கள்’ ஒன்பது தாமாகவே கிடைக்கின்றன. வழு, மேம்பாடு, கேள்வி, நகல் போன்றவை அவை. ஆவணத்துக்கான லேபிளைத் தவிர, மொழியையோ மென்பொருளின் பகுதியையோ குறிக்கும் லேபிள் அந்த ஒன்பதில் இல்லை. அதை அந்தந்தக் குழுதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

திங்கள்கிழமை மனுக்கள்

இப்படிப் பிரிப்பதற்கு நம் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குச் சிதம்பரத்திலிருந்தும் மனு வரும், பண்ருட்டியிலிருந்தும் வரும். பட்டா கேட்கும் மனு வருவாய்த் துறைக்குப் போகிறது. மின்கம்பம் பற்றிய மனு மின்வாரியத்துக்குப் போகிறது. வட்டத்தின் பெயர் மனுவில் இருக்கும். ஆனால் சிதம்பரம் மனுக்கள் என்று மொத்தமாகக் கட்டிவைத்தால் ஒன்றும் நகராது. மென்பொருளிலும் பகுதியை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மொழி என்பது கூடுதல் குறிப்பு.

சிறு குழுக்கள் எப்படித் தொடங்கலாம்?

நான்கு வரிசை லேபிள்கள் போதும். முதலாவது பகுதி: இடைமுகச் சொற்கள், எழுத்துரு, உள்ளீடு, தேடலும் வரிசையும், ஆவணம். இரண்டாவது மொழி. மூன்றாவது வகை: வழுவா, புதிய வசதியா, முடிவெடுக்க வேண்டிய கேள்வியா? நான்காவது நிலை: சரிபார்க்க வேண்டியது, உறுதியானது, மூலத் திட்டத்துக்குத் தெரிவித்தாயிற்று. ஹார்ஃப்பஸ் போன்ற இடத்தில் திருத்த வேண்டிய குறைக்கு அந்தக் கடைசி லேபிள் இல்லையென்றால், இங்கே ஏன் வேலை நடக்கவில்லை என்பது யாருக்கும் புரியாது.

வகையில் ‘கேள்வி’ எதற்கு? பேக்ஸ்பேஸ் விசையை எடுத்துக்கொள்வோம். ‘கடலூர்’ என்று தட்டிவிட்டு அந்த விசையை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலான மென்பொருள்களில் புள்ளி மட்டும் போய் ‘கடலூர’ என்று நிற்கும். முழு எழுத்தும் போக வேண்டும் என்பார் ஒருவர். தட்டியதன் கடைசிப் பகுதி மட்டும் போவதுதான் வசதி என்பார் மற்றொருவர். இதை வழு என்று பதிந்தால் சண்டை முடியாது.

மொழியைப் போலவே எழுத்துமுறையையும் கவனிக்க வேண்டும். ‘கொ’வில் வரும் ஒகரக் குறி மெய்க்கு இருபுறமும் பிரிந்து நிற்கிறது. மலையாளத்திலும் வங்காள மொழியிலும் இதே அமைப்பு உண்டு. தமிழர் ஒருவர் பதிந்த சிதைவும் மலையாளி ஒருவர் பதிந்த சிதைவும் ஒரே வழுவாக இருக்கக்கூடும். மொழிவாரியாக மட்டும் பிரித்தால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள்.

பார்ப்பதற்கு ஆளில்லாத லேபிள் வேண்டாம். லேபிளைப் பயனர் தலையில் கட்டுவதும் வேண்டாம். அதை ஒட்டுவது குழுவின் வேலை. பயனர் தர வேண்டியவை சில விவரங்கள்தாம்: என்ன தட்டினார், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, எந்த விசைப்பலகை. திரைப்பிடிப்புப் படத்தோடு அந்தச் சொல்லையும் எழுத்தாகவே ஒட்ட வேண்டும். படத்தில் உள்ள எழுத்தை வைத்து உள்ளே எந்தக் குறியீடு இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

வந்த பதிவுகளைப் படித்து, சோதித்து, உரிய பகுதிக்கு அனுப்பும் வேலைக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பதில்லை. தமிழ் தெரிய வேண்டும், பொறுமை வேண்டும். அத்தகையவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தமிழ்க் கணிமைக்காக இயங்கும் உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு 2012 டிசம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. மொழியியலுக்குப் பெயர்பெற்ற அந்த வளாகத்து மாணவர்களும் கடலூர் மாவட்டக் கல்லூரி மாணவர்களும் வாரம் ஒரு மணி நேரம் இந்த வேலைக்கு ஒதுக்கலாம். அடுத்த முறை திரையில் ஒரு தமிழ் எழுத்து சிதைந்து தெரிந்தால், சலித்துக்கொண்டு விட்டுவிடாமல் விவரத்தோடு பதியுங்கள்.